வழியில் எங்கே இறங்கிச் சாப்பிடுவது?

எந்த ஊரில், எந்தக் கடையில், எந்தப் பலகாரம் ருசி என்று எழுதுவது பணக்காரர் பத்திரிகைகளின் வேலையாயிற்றே, நமக்கு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். காரில் போகிறவருக்கு ஒரு கடை பிடிக்கவில்லையென்றால் அடுத்த ஊருக்கு வண்டியை விடுவார். நமக்கோ பஸ் எங்கே நிற்கிறதோ அங்கேதான் சோறு. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, மாநாடு, வேலை தேடிப் போவது, மாலை போட்டு மலைக்குப் போவது என்று வருஷத்தில் நாலு தடவையாவது பிரயாணம் செய்யாத தொழிலாளிக் குடும்பம் உண்டா? ஆகவே வழிச்சாப்பாடு நம்முடைய பிரச்னைதான்.

சில மாதங்களுக்கு முன் இரவு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். நடுச்சாமத்தில், ஊருக்கு வெகு தூரத்தில், மதில் சுவர் எழுப்பிய ஓர் ஓட்டலுக்குள் பஸ் நுழைந்தது. சுற்றிலும் வேறு கடை கிடையாது. உள்ளே விலைப் பலகை கிடையாது. நம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் நடவு வேலை செய்யும் ஒரு வயதான அம்மாள். மகளை ஆஸ்பத்திரியில் பார்க்கப் பேரனோடு போகிறார். "தோசை என்ன விலைப்பா?" என்று கேட்டார். விலையைக் கேட்டதும் பணத்தை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டார். பேரனுக்கு மட்டும் ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்கினார். அதற்கும் அச்சடித்த விலைக்கு மேலேயே வாங்கினார்கள். "எங்களுக்குப் பசிக்கலை" என்று நம்மிடம் சொன்னார். அவர் பசியோடுதான் வந்தார் என்பது நமக்குத் தெரியும். நமக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நம்மிடம் இருந்த இட்லிப் பொட்டலத்தைப் பகிர்ந்துகொண்டோம்.

அங்கே டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தனி மேஜையில் காசில்லாத சாப்பாடு. அவர்கள் மீது நமக்குக் கோபமில்லை. விடிய விடியக் கண் விழித்து ஐம்பது உயிர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவனுக்குச் சூடான சோறு வேண்டும்தான். ஆனால் அதைக் கொடுக்க வேண்டியது யார்? அவனை வேலைக்கு வைத்த நிர்வாகம். நிர்வாகம் கொடுக்காததை ஓட்டல்காரர் கொடுக்கிறார்; கொடுத்த சோற்றின் விலையை அந்த அம்மாளின் தோசையில் ஏற்றி வசூல் செய்கிறார். தொழிலாளியின் பசியைக் காட்டித் தொழிலாளியையே கொள்ளையடிக்கும் வித்தை இது!

அப்படியானால் நல்ல கடை எது? லாரிகள் வரிசையாக நிற்கும் கடையில் சாப்பிடு என்பார்கள். அது சரிதான். தினம் ரோட்டில் உண்பவன் கெட்டுப்போன குருமாவை இரண்டாம் தடவை மன்னிக்கமாட்டான். புருஷன் அடுப்பில் நிற்க, மனைவி இலை போட, சுடச்சுட இட்லியும் சட்னியும் தரும் கூரைக் கடைகள் நம் சாலைகளில் இன்னும் இருக்கின்றன. அந்தக் கடைகளுக்கு நாம் எதிரியல்ல, அவர்களும் உழைப்பாளிகளே. ஆனால் ருசி ஒன்று மட்டும் போதாது. கடைக்குள் காலெடுத்து வைக்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள் என்கிறோம்.

முதலாவது, டம்ளர். தென்னாட்டு ரயில் நிலையங்களில் பிராமணருக்கு ஒரு சாப்பாட்டு அறை, மற்றவருக்கு வேறு அறை என்று இருந்த காலம் உண்டு. கிளர்ச்சி செய்த பிறகுதான் 1941இல் அது ஒழிந்தது. ஓட்டலிலும் கடையிலும் தீண்டாமை காட்டுவதை 1955ஆம் வருஷத்துச் சட்டம் குற்றமாக்கியது. இருந்தும் சேரிக்காரருக்குத் தனி டம்ளர், தனி பெஞ்சு என்று வைத்த டீக்கடைகளை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். இப்போது பேப்பர் கப் வந்து அந்த அசிங்கத்தைச் சில இடங்களில் மூடி மறைக்கிறது. எல்லோருக்கும் ஒரே டம்ளர் இல்லாத கடையில் தேவாமிர்தமே ஊற்றினாலும் நமக்கு வேண்டாம்.

இரண்டாவது, விலைப் பலகை. எழுதி வைக்காத விலை, முகத்தைப் பார்த்துச் சொல்லும் விலை.

மூன்றாவது, எச்சில் இலை எடுக்கும் கை. பதினாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை ஓட்டலிலும் டீக்கடையிலும் வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் முதல் தடுக்கப்பட்டிருக்கிறது. அடுப்படியில் சின்னப் பையன் நின்றால் கேளுங்கள். பரிமாறும் பெரியவரிடம், "எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்குப் போவீர்கள்?" என்றும் கேளுங்கள். ஓட்டல் சிப்பந்தி பஞ்சாலைத் தொழிலாளிக்குச் சகோதரன். எட்டு மணி நேர வேலை நமக்குக் கிடைத்து அவனுக்குக் கிடைக்காமல் இருக்கலாமா?

இந்த மூன்று பரீட்சையிலும் தேறக்கூடிய கடை உண்டா? கோயமுத்தூர்த் தோழர்கள் பஸ் ஏறி வாளையாறு தாண்டிப் போகட்டும். கேரளத்தின் பெரிய ஊர்களில் "இந்தியன் காபி ஹவுஸ்" என்ற பலகையைப் பார்க்கலாம். பணக்காரர் ஓட்டல் போலிருக்கிறதே என்று தயங்கவேண்டாம், உள்ளே போங்கள். வெள்ளை உடுப்பும் விசிறி வைத்த தலைப்பாகையுமாக வந்து நிற்பவர் ராஜா வீட்டுச் சேவகரல்ல. அந்தக் கடைக்கு அவரும் ஒரு பங்குதாரர்!

அதன் கதை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1936இல் பம்பாயில் முதல் காபி ஹவுஸ் திறக்கப்பட்டது. பின்னர் காபி போர்டு பல நகரங்களில் இவற்றை நடத்தி வந்தது. ஐம்பதுகளின் நடுவில் போர்டு கடைகளை மூட முடிவு செய்தது. ஊழியர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அப்போது நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்டுக் குழுவின் தலைவராக இருந்த தோழர் ஏ.கே. கோபாலன் அவர்களிடம் சொன்ன யோசனை இதுதான்: வேலை கொடு என்று கேட்டு நின்றால் போதாது, கடையையே நீங்கள் எடுத்து நடத்துங்கள். அதே 1936இல் கண்ணூரிலிருந்து சென்னை வரை பட்டினி ஜாதாவை நடத்திக் கால்நடையாக வந்தவர் அவர். வழியில் பசிப்பது எப்படியென்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் உதயமாயிற்று. அக்டோபரில் டில்லியில் கடை திறந்தது. 1958 மார்ச்சில் திருச்சூரில் திறந்தது. இன்று பாலக்காட்டிலிருந்து வடக்கே கண்ணூர்ச் சங்கமும், திருச்சூரிலிருந்து தெற்கே திருச்சூர்ச் சங்கமும் நடத்துகின்றன. தொழிலாளர் தேர்ந்தெடுத்த கமிட்டி நிர்வாகம் செய்கிறது. டில்லிக் கடையை அவசரநிலைக் காலத்தில் இடித்தார்கள். அது வேறிடத்தில் மீண்டும் எழுந்தது. கல்கத்தாவின் காலேஜ் தெருக் கடையும் தொழிலாளர் கையில்தான் இருக்கிறது.

அங்கே என்ன சாப்பிடுவது? மசால் தோசையைப் பிய்த்தால் உள்ளே மசாலா சிவப்பாக இருக்கும். பயப்படாதீர்கள், அது பீட்ரூட்டு. கட்லெட்டும் அதே சிவப்புத்தான், கூட வெங்காயமும் தக்காளிச் சாஸும் வரும். ஆம்லெட்டு, ரொட்டி, காபி உண்டு. திருவனந்தபுரம் போனால் தம்பானூர் பஸ் நிலையத்தின் பக்கத்துக் கடையைத் தவறவிடாதீர்கள். லாரி பேக்கர் கட்டிய செங்கல் கட்டடம் அது. நத்தை ஓடு போல் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. படிக்கட்டுக் கிடையாது, சரிவுதான். சுவர் நெடுக ஓட்டைகள் வழியே காற்று வரும். மேஜைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உயர்ந்துகொண்டே போகும். எந்த மேஜைக்கும் ஒரே விலைதான், ஒரே கோப்பைதான்.

குறை இல்லையா என்றால், உண்டு. சில கடைகளில் கேட்டது வர நேரமாகிறது; சுவரில் சுண்ணாம்பு உதிர்கிறது. கொரோனாக் காலத்து நஷ்டம் பல கடைகளை உலுக்கிவிட்டது. நெடுங்காலம் ஆண்களே பரிமாறி வந்தார்கள். தொழிலாளர் கடையில் பெண் தொழிலாளிக்கு இடமில்லை என்பது நியாயமா என்று நாம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். முதலாளி கைகழுவிய கடையை அறுபது வருஷங்களுக்கு மேலாகச் சிப்பந்திகள் நடத்திக்காட்டியிருக்கிறார்கள். "உங்களுக்கு நிர்வாகம் தெரியுமா?" என்று ஆலை முதலாளி நம்மைக் கேட்கும்போது, இந்தக் காபிக் கோப்பையைக் காட்டிப் பதில் சொல்லலாம்.

தமிழ்நாட்டிலும் இது ஏன் நடக்கக்கூடாது? பஸ் நிலையக் கடைகளை அதிக வாடகை கேட்பவருக்கு ஏலம் விட்டால் அந்த வாடகையை டீயின் விலையில்தான் எடுப்பார்கள். ஏலத்தை விட்டு, சிப்பந்திகளின் கூட்டுறவுக்கும் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கும் கொடு என்று கேட்போம். பஸ் நிற்கும் ஒவ்வொரு ஓட்டலிலும் விலைப் பலகை வை, டிரைவர் கண்டக்டருக்கு நிர்வாகமே சாப்பாட்டுப் படி கொடு என்று கேட்போம். போக்குவரத்துத் தொழிலாளர் சங்கமும் ஓட்டல் தொழிலாளர் சங்கமும் கைகோத்துக் கேட்டால் யாரால் மறுக்க முடியும்?

அதுவரை? புறப்படும்போது இட்லிப் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு இட்லி கூடவே வையுங்கள். பக்கத்து சீட்டில், "பசிக்கலை" என்று சொல்லும் ஒரு அம்மாள் வரக்கூடும்.