அடம்பன் கொடியின் குடும்பம்

மருதமுனை முதல் ஒலுவில் வரை நம் கடற்கரை மணலிலே ஊதா நிறப் பூக்களுடன் படர்ந்து கிடக்கும் அடம்பன் கொடியை அறியாதார் நம்மிடையே இலர். ஆயின், அதன் உற்றார் உறவினரை அறிந்தவர் சிலரே. இவ்வாரம் அக்குடும்பத்தை வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறோம்.

குளத்து நீரில் படரும் கங்குன் என்னும் வள்ளைக்கீரையும், மணற்பாங்கான தோட்டங்களில் விளையும் வற்றாளைக் கிழங்கும் அடம்பனின் நெருங்கிய உறவினர்களே. மூன்றும் ‘ஐப்போமியா’ என்னும் ஒரே சாதியைச் சேர்ந்த வெவ்வேறு இனங்கள். ஒன்று உப்புக் காற்றில் வாழ்வது. ஒன்று நன்னீரை நாடுவது. மற்றொன்று வேரிலே உணவைச் சேமிப்பது. இவை ஒரே வீட்டார் என்பதற்குச் சான்று பகர்வது பூவே. தனித்தனியான ஐந்து புல்லிகள். ஒன்றாய் இணைந்து புனல் வடிவம் பெற்ற ஐந்து அல்லிகள். அவற்றோடு ஒட்டிய ஐந்து கேசரங்கள். இவ்வமைப்பு மூன்றிலும் மாறுவதில்லை.

‘கொன்வொல்வுலேசியே’ எனப்படும் இக்குடும்பத்தை 1789ஆம் ஆண்டில் வகுத்தவர் பிரான்சு நாட்டு அறிஞர் ஜூசியூ. சுற்றிப் பின்னுதல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லினின்று பிறந்தது இப்பெயர். இதில் ஏறத்தாழ 60 சாதிகளும் 1,600க்கு மேற்பட்ட இனங்களும் உள்ளன. கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றின் குடும்பமும் இதுவும் ஒரே வருணத்தைச் சேர்ந்தவை.

தோற்றத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். பிற செடிகளின்மேல் மஞ்சள் நூல்போற் படர்ந்து சாற்றை உறிஞ்சும் ‘கஸ்கியூட்டா’ அடம்பனின் குடும்பமே. அதனைப் போலவே தோன்றி, அதே தொழிலைச் செய்யும் கொத்தானோ கறுவாவின் குடும்பம்! கொத்தானின் பூவுறுப்புகள் மும்மூன்றாய் அமைந்திருப்பதே அவ்வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கிறது.

அடம்பனின் பிளவுபட்ட இலையைக் கண்ட லின்னேயஸ், 1753இல் அதற்கு ‘ஆட்டின் அடி’ எனப் பொருள்படும் பெயரிட்டார். அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குறுந்தொகைப் புலவரொருவர் அவ்விலையை மானின் அடிக்கு ஒப்பிட்டுவிட்டார் என்பது நமக்குப் பெருமையன்றோ!

அடம்பன் கணுதோறும் வேர்விட்டு, காற்றிற் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்குகிறது. பேரலையைத் தடுக்கும் வலிமை அதற்கில்லை. எனினும், அரிப்பால் மண்ணிழந்து வரும் கரைக்கு ஒரு பிடி மணலும் செல்வமே. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்பது நம் முன்னோர் வாக்கு. ஆகவே, கரையைத் துப்புரவு செய்யும் மாணவர்கள் குப்பையை அகற்றுக, கொடியை விட்டுவைக்க.