ஊற்றுணர்வும் தொழுநோயாளர்மேற் சுமத்தும் பழியும்

சேக்கிழார் பெருமான் திருவவதாரஞ் செய்தருளிய எமது குன்றத்தூரிலே, சென்ற சித்திரைத் திங்களில், தண்டியடிகள் நாயனார் புராணம் பற்றி ஒரு விரிவுரை நிகழ்ந்தது. விரிவுரை செய்தவர் கற்றவர். குரல் வளமும் உடையவர். அவர் பெயரைக் குறிப்பது எம் கருத்தன்று. பிறவியிலே கண்ணில்லாத நாயனார் திருவாரூர்த் திருக்குளத்தைத் தோண்டிய வரலாற்றைச் சொல்லி வந்தவர், இடையே உடற்குறையும் வினைப்பயனும் என ஒரு கிளை பிரித்துக்கொண்டு மூன்று செய்திகளை மொழிந்தனர். தொழுநோய் கொடும்பாவத்தின் பயன், அதனாலேயே அந்நோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுகின்றன என்பது ஒன்று. மேனாட்டார் இன்று நரம்பு என்று விரித்துரைப்பன எல்லாம் நம் நூல்கள் கூறும் எழுபத்தீராயிரம் நாடிகளே, ஆதலின் அவர்பால் நாம் கற்கவேண்டுவது யாதுமில்லை என்பது மற்றொன்று. அத்தகைய நோயாளர் கோபுர வாயிலுக்கு அப்பால் நின்று வணங்குவதே முறை என்பது மூன்றாவது.

அவையின் ஓரத்தில், தூணருகே, விரல்கள் மடங்கிக் குறைந்த முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். மூன்றாவது செய்தி முடிந்தபொழுது அவர் மெல்ல எழுந்து, மேல்துண்டால் கைகளை மூடிக்கொண்டு வெளியே சென்றார். யாம் அப்பொழுதே எழுந்து மறுத்திருத்தல் வேண்டும். மறுத்திலேம். ஆசிரியத் தொழிலில் முப்பதாண்டு நின்றும் அவையஞ்சினேம் என்று ஒப்புக்கொள்ளுதலில் எமக்கு நாணமுண்டு. அன்று வாயால் மறாததை இன்று எழுத்தால் மறுக்கின்றேம்.

யாம் மருத்துவரல்லேம், மடத்துப் பாடசாலையிலே இலக்கணமும் சாத்திரமும் பாடங் கேட்டவர். எனினும், பிறர் கூற்றை மறுக்கப் புகுவோன் அக்கூற்றை முதலிற் பிழையற அறிந்துகொள்ளல் வேண்டும் என்பதே சித்தியார்ப் பரபக்கத்தைப் பாடஞ் சொன்ன எம் ஆசிரியர் கற்பித்த முறை. விரிவுரையாளர் அம்முறையைக் கைவிட்டனர்.

விரல்கள் தாமே அழுகி விழும் என்பதை முதலில் ஆராய்வாம். இதன் உண்மையைக் காண வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. தாம்பரத்தைக் கடந்து தெற்கே சென்றால் செங்கற்பட்டை அடுத்துத் திருமணி என்னும் ஊர் உளது. அங்கே 1924ஆம் ஆண்டு தோன்றிய தொழுநோய் நிலையமே, 1955 முதல் இந்திய அரசின் நடுவண் தொழுநோய்க் கல்வி ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகின்றது. நம் கொல்லிமலையிலே 1914இல் பிறந்து, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு என்பாரை, டாக்டர் ராபர்ட் காக்ரேன் என்பார் செங்கற்பட்டு நோயாளரைக் காண அழைத்துச் சென்றனர். கை மடங்கிய நோயாளர் ஒருவர்க்குப் பிராண்டு தம் கையைக் கொடுத்துப் பற்றுமாறு சொல்ல, அவர் பற்றிய பிடி பொறுக்கலாகாத வலியைத் தந்தது. அழுகிப்போன கை என்று உலகம் சொன்ன கையில் அத்துணை வன்மை! பிடித்தவரோ தாம் பிறரை வருத்துவதை அறியாது நின்றனர். வன்மை குன்றவில்லை, உணர்வே குன்றியது என்பது அன்று அம்மருத்துவர்க்குப் புலனாயிற்று.

பின்பு அவர் ஒவ்வொரு விரலும் எங்ஙனம் குறைந்தது என்று பொறுமையுடன் ஆராய்ந்தனர். துருப்பிடித்த பூட்டைத் தம்மால் திறக்க இயலாது நின்றபொழுது, நோயுற்ற சிறுவன் ஒருவன் வந்து திறவுகோலை எளிதில் திருகிவிட்டான். அவன் விரலைப் பார்த்தால் எலும்பு தெரியுமளவு கிழிந்து குருதி ஒழுகிற்று. அவனுக்கோ யாதும் தெரியவில்லை. இரவில் உறங்குவோரின் விரலை எலி கடித்துத் தின்றதும் உண்டு. சுடுகலம், கொள்ளிக்கட்டை, முள், ஆணி என்னும் இவை நம் கையையும் நாடோறும் தீண்டுவனவே. நாம் துணுக்குற்றுக் கையை இழுத்துக்கொள்கின்றோம். புண்பட்டால் அக்கையைச் சில நாள் பேணி வைக்கின்றோம். உணர்வற்ற கைக்கு இவ்விரண்டும் இல்லை. புண்ணின்மேற் புண் பட்டுச் சீழ் வைத்து, உள்ளிருக்கும் எலும்பு சிறிது சிறிதாகக் கரைந்து விரல் குறுகுகின்றது. அழுகி விழுவது அன்று, தேய்ந்து குறைவது. பாவம் தின்றதாக விரிவுரையாளர் சொன்ன விரலைப் பெரும்பான்மையும் தின்றவை நெருப்பும் முள்ளும் எலியுமே.

இனி, அவ்வுணர்வு எதனால் அற்றது? 1873இல் நார்வே தேசத்து ஹான்ஸன் என்பார் இந்நோய்க்குரிய கிருமியைக் கண்டனர். அக்கிருமி உடலிற் குளிர்ச்சியுள்ள இடங்களையே விரும்பித் தோலையும், தோலை அடுத்து ஓடும் நரம்புகளையும் பற்றுகின்றது. முழங்கையை ஓரிடத்தில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்னல் பாய்ந்தாற்போல விர்ரென்கின்றதன்றோ? அங்கே தோலை ஒட்டி ஓடும் அந்த நரம்பே இந்நோய்க்கு முதலில் இரையாவனவற்றுள் ஒன்று.

ஈண்டு நரம்பு என்னுஞ் சொல்லைப் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். முந்தையோர் யாழின் தந்தியையும் நரம்பு என்றனர். இன்றோ கையிற் பச்சையாய்த் தெரியும் குருதிக் குழாயையும் மக்கள் நரம்பென்றே வழங்குகின்றனர். மருத்துவர் கூறும் நரம்பு இவ்விரண்டும் அன்று. அது வெண்ணிற இழைகளின் கற்றை. அவ்விழைகளின் வேகமும் பலவகை. தசைகளின் நீட்சியைத் தெரிவிப்பன நொடிக்கு 80 முதல் 120 மீட்டர் விரைவன. தொடுகையைக் கொண்டுசெல்வன 35 முதல் 75 மீட்டர். எரிவோடு கூடிய மந்த வலியைக் கொண்டுசெல்வன அரை மீட்டர் முதல் 2 மீட்டரே. படியிற் கால்விரலை இடித்துக்கொண்டவர், இடித்ததை உடனே அறிந்து, 'ஐயோ, இனி வலி வருமே' என்று எண்ணி, அதன் பின்னரே வலிப்பதை நினைந்து பார்க்க.

வழியும் வேறு வேறு. வலக்காலின் தொடுகையும், அக்கால் இருக்கும் நிலையும், முதுகந்தண்டினுள்ளே வலப்பக்கமாகவே ஏறி, மூளையின் அடியிலுள்ள முகுளத்தை அடைந்தபின் இடப்பக்கம் மாறுகின்றன. அதே காலின் சூடும் வலியுமோ தண்டினுட் புகுந்த சிறிது தொலைவிலேயே மறுபக்கம் மாறிவிடுகின்றன. ஆதலின் தண்டு ஒரு பாதி மட்டும் வெட்டுண்டவர்க்கு, வெட்டுண்ட பக்கத்துக் காலிலே தொடுகையும் நிலையுணர்வும் அற்று, மற்றைக் காலிலே சூடும் வலியும் அறும். இதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரவுன்-செக்கார் என்னும் மருத்துவர் விளக்கினர். இடகலை பிங்கலை என்னும் நாடிகளே இந்நரம்புகள் என்பார், இவ்விரு வழிப் பிரிவு எந்நூலில் எவ்விடத்துக் கூறப்பட்டுளது என்று காட்டுவாராக. காட்டார், காட்டவும் இயலாது. நாடிகள் பிராணவாயு இயங்கும் நெறியாக யோகநூல்களுள் ஓதப்பட்டன. யோகியின் அகமுயற்சிக்குப் பயன்படுமாறு சொல்லியதை அறுவை மருத்துவர் கத்திக்கு இலக்காகச் சொல்லியதாய்த் திரிப்பது அந்நூல்களுக்குப் பெருமை சேர்ப்பது ஆகாது. இன்று 'முன்னரே சொன்னோம்' என்று மார்தட்டி, நாளை மருத்துவர் தம் கொள்கையை மாற்றினால் நம் ஆகமத்தையும் உடன் மாற்றுவதோ?

காலின் நிலையுணர்வு என்றேம். கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் நுனியை விரலால் தொடுக. கை எங்கே உளது, எவ்வளவு மடங்கியது என்று காணாமலே அறிந்தது எவ்வாறு? தசைக்குள்ளே கதிர் வடிவாய் அமைந்த நுண்ணுறுப்புகள் தசையின் நீட்சியை இடையறாது மூளைக்குத் தெரிவிக்கின்றன. ஷெரிங்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1906இல் இவ்வுணர்வுக்குத் தனிப்பெயர் இட்டனர். ஆர்டெம் பட்டபூட்டியன் என்பாரும் அவர் குழுவினரும் 2010இல், அழுத்தம் பட்டவுடன் திறந்து மின்னோட்டம் எழச்செய்யும் பீசோ என்னும் புரதங்களைக் கண்டனர். அவற்றுள் இரண்டாவதே தொடுகைக்கும் நிலையுணர்வுக்கும் வாயில் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 2021இன் மருத்துவ நோபெல் பரிசு, சூட்டுணர்வின் வாயிலைக் கண்ட டேவிட் ஜூலியஸுக்கும் அவர்க்கும் வழங்கப்பெற்றது. பிறவியிலேயே அப்புரதம் இல்லாத இருவரை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர்; அவர்கள் கண்ணைக் கட்டினால் நடக்கமாட்டாது தடுமாறினர்.

இங்கிலாந்து தேசத்து இளைஞர் ஒருவர்க்கு, 1971இல், காய்ச்சலின் பின் கழுத்துக்குக் கீழே தொடுகையும் நிலையுணர்வும் முற்றும் அழிந்தன. தசைகளிற் குறையில்லை, எழுந்து நிற்கவும் இயலவில்லை. பின்னர்ப் பல மாதம் முயன்று, தம் கையையும் காலையும் கண்ணாற் பார்த்துப் பார்த்தே இயக்கப் பழகினர். விளக்கணைந்தால் விழுந்துவிடுவார். இவர்க்குக் கண்ணே கைகாலாயிற்று. இதற்கு நேர்மறுதலையாய் நின்றவர் நம் தண்டியடிகள். குளத்தினுள்ளே ஒரு தறியும் கரைமேல் ஒரு தறியும் நட்டுக் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே மண் சுமந்தனர். கண்ணற்றார்க்குக் கயிற்றின் தொடுகையும் தம் கால் வைக்கும் இடத்தை அறியும் உணர்வும் எத்துணை உதவின என்பதை விரித்துரைக்கத்தக்க இடம் அதுவே. அந்த இடத்தில் நின்றுகொண்டு, உணர்விழந்தாரைப் பழித்தனரே என்பதே எம் வருத்தம். அப்புராணத்திலே கண்ணில்லாரை எள்ளி நகைத்தவர் யாவர், அவர்க்கு முடிவில் நேர்ந்தது யாது என்பதை அவர் மறந்தனர் போலும்.

'ஆயின் கன்மத்தை மறுக்கின்றீரோ?' என்பார் உளர். மறுத்திலேம். இன்பமும் துன்பமும் வினைவழி வருவன என்பது நம் கொள்கை. அஃது எல்லா உடம்புக்கும் ஒக்கும். எம் கண்ணில் வளர்ந்த புரைக்கும் விரிவுரையாளரின் பல்வலிக்கும் ஒக்கும். மனுநூலின் பதினோராம் அத்தியாயம் இன்னின்ன பாவத்துக்கு இன்னின்ன குறை என்று அடுக்குமிடத்துத் தோல்நோயோடு சொத்தை நகமும், கறுத்த பல்லும், கயநோயும் கூறப்பட்டுள. கறுத்த பல்லுடையாரைக் கோபுர வாயிலில் நிறுத்தினார் எவரேனும் உளரோ? நிறுத்தப் புகின் வெற்றிலை போடும் பண்டிதர் பலர்க்கு, எம்மையும் உட்படுத்தியே சொல்கின்றேம், உள்ளே இடமிராது. அன்றியும் ஒருவர்க்கு வந்த நோயைக் கண்டு அவர் வினையைக் கணக்கிடும் உரிமை நமக்கு எந்நூல் தந்தது? திருநாவுக்கரசர்க்கு வந்த சூலையைச் சேக்கிழார் ஆட்கொள்ள வந்த அருளாகவே பாடினர். அவ்வரசரே ஆறாந் திருமுறையில், இந்நோயால் உறுப்புக் குறைந்தாரும் சிவனுக்கு அன்பராயின் அவரே தாம் வணங்குங் கடவுள் என்று அறுதியிட்டனர். அப்பாட்டில் உறுப்பழிவு கூறப்பட்டமையை மட்டும் எடுத்துக்காட்டி, முடிபை விட்டுவிடுதல் நேர்மையாகாது.

இவ்வாறு எழுதுதலால், 'உணர்வெல்லாம் நரம்பே. உயிரென ஒன்றில்லை' என்னும் உலகாயதர்க்கு யாம் வாயில் திறந்தேம் என அஞ்சவேண்டா. துவக்கு என்னும் இந்திரியம் வேறு, அது நிற்கும் தோல் வேறு, இவற்றைக் கருவியாகக் கொண்டு அறியும் உயிர் வேறு என்பது நம் நூல்களின் துணிபு. கருவி பழுதுற்றபொழுதும் 'என் கை உணரவில்லை' என்று அறிந்து சொல்பவர் ஒருவர் உள்ளே இருக்கின்றனரன்றோ?

மூன்றாவது செய்தி, வாயிலுக்கு அப்பால் நிறுத்துதல். உலக சுகாதார நிறுவனம் 1981இல் வகுத்த கூட்டு மருந்து முறையால் இந்நோய் தீர்கின்றது. மருந்து தொடங்கிய சின்னாளிலேயே பிறர்க்குத் தொற்றுந் தன்மை ஒழிகின்றது. மக்களிற் பெரும்பாலார்க்கு இக்கிருமியை எதிர்க்கும் வலி இயல்பிலேயே உண்டு. மடங்கிய விரல் நோயின் தழும்பேயன்றி நோயன்று. நோயாளரைப் பிரித்து அடைத்துவைக்க 1898இல் வெள்ளையர் ஆட்சி செய்த சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. இந்நோயைக் காட்டி மணவிலக்குக் கோருதலும் 2019இல் ஒழிந்தது. நாடாளுமன்றம் விட்டதை நாம் பற்றிக்கொண்டிருத்தல் தகுமோ?

உண்மையில் இவர்க்குக் கோயிலில் வேண்டுவது வேறு. மருத்துவர் இவர் கால்களுக்கு மென்மையான எம்.சி.ஆர். ரப்பர்ச் செருப்பைக் கட்டளையிடுவர். நாமோ செருப்பைக் கழற்றுக என்போம். அது முறையே, ஆனால் சித்திரை வெயிலிற் பழுத்த பிரகாரக் கல்லில் நாம் துள்ளித் துள்ளி ஓடுகின்றோம், இவர் மெல்ல நடந்து உள்ளங்கால் வெந்து வீடு சேர்வார். வலம் வரும் வழியெங்கும் தென்னைநார் விரிப்பு இட்டு நீர் தெளித்துவைத்தல் அறங்காவலர்க்கு அரிதன்று. கர்ப்பூரத் தட்டை நீட்டும் அருச்சகர், கை சுடரின்மேல் நெடுநேரம் நிற்பின் தட்டைச் சற்றே பின்வாங்குக. அடியார்கள் நாடோறும் தம் கையையும் உள்ளங்காலையும் கண்ணாற் பார்த்துக்கொள்ளுமாறு இவர்க்கு நினைவூட்டுக.

விரிவுரை நிகழ்ந்த பத்தாம் நாள், சேக்கிழார் எடுப்பித்த திருநாகேச்சுரத் திருக்கோயிலில் அம்முதியவரைக் கண்டேம். வாயிலுக்கு உள்ளேதான் நின்றனர். குருக்கள் இட்ட திருநீறு உள்ளங்கையில் விழுந்ததோ என்று அவர் குனிந்து பார்த்தே அறிந்தனர். பின்பு கண்ணை மூடிக்கொண்டனர். இந்நோய் தோலின் உணர்வைக் கெடுப்பினும், ஆழத்தே வெப்பமான தசைகளின் நிலையுணர்வைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை என்று யாம் அறிந்திருந்தது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. குறைந்த அவ்விரல்கள் சிறிதும் வழி தவறாமல் நேரே நெற்றிக்குச் சென்றன.