எழுத்தறியாத உம்மம்மா

கல்முனையில் என் உம்மம்மாவை ஓர் அலுவலகத்து ஏட்டில் ‘எழுத்தறியாதவர்’ என்று பதிந்து, பெருவிரல் அடையாளம் வாங்கினார்கள். அன்றிரவும் அவர் விளக்கடியில் அரபுத்தமிழ் மாலையொன்றை விரித்து வாசித்தார். துயரமான இடத்தில் குரல் தழுதழுத்தது.

அரபு எழுத்தில் எழுதிய தமிழே அரபுத்தமிழ். அரபியில் இல்லாத ட, ப முதலிய ஒலிகளுக்கு, இருந்த எழுத்துகளிலேயே புள்ளியும் குறியும் கூட்டிக்கொண்டனர் நம் முன்னோர்.

அவ்வெழுத்துகளை ஓதப்பள்ளியில் நானும் கற்றேன். குர்ஆனைப் பிழையற ஓதினேன், பொருள்தான் விளங்கவில்லை. எழுத்து ஒன்றாயிருக்க இவ்வேற்றுமை ஏன்?

பிறர் சொல்வதை விளங்கிக்கொண்டும் ஓரசைக்குமேல் பேசவியலாத நோயாளியைப் பற்றி 1861இல் பாரிஸில் புரோக்கா எழுதினார். சரளமாய்ப் பேசியும் பிறர் பேச்சை விளங்காதோரை 1874இல் வெர்னிக்கே விவரித்தார். ஆகவே, ஒலிப்பது வேறு, உணர்வது வேறு. மூளையில் இரண்டுக்கும் இடங்களும் வேறு. (பல பகுதிகள் கூடியே இவற்றைச் செய்கின்றன என்பது பின்னாளைய தெளிவு.) எழுத்து ஒலியாகி, அவ்வொலி நெஞ்சில் முன்பே குடியிருக்கும் சொல்லைத் தொட்டாலன்றிப் பொருள் பிறவாது. உம்மம்மாவுக்கு அச்சொற்கள் தாலாட்டோடு வந்தவை. எனக்கோ அரபுச் சொல் அந்நியம்.

பின்னர் அவருக்குத் தமிழெழுத்தில் பெயரெழுதப் பழக்கினேன். மூன்றே நாளில் பழகிவிட்டார். வலப்புறமிருந்து தொடங்கும் கையைத் திருப்புவதுதான் பெரும்பாடாயிற்று.