ஷெரீப்புக்கும் கடிவாளம் வேண்டும்

லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டியில் குடியிருப்பவள் நான். இங்கே ஷெரீப் அலுவலகம் 1850-ல் தொடங்கியது. 4 ஆண்டுக்கு ஒருமுறை மக்களே வாக்களித்து ஷெரீப்பைத் தேர்ந்தெடுக்கிறோம். ரோந்து, சிறை, நீதிமன்றப் பாதுகாப்பு எல்லாம் அவர் பொறுப்பு. வாடகை வழக்கில் தோற்றவரை வெளியேற்றுவதும் அவர் ஆட்கள்தான். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கதவில் அப்படியொரு வெளியேற்ற நோட்டீஸ் ஒட்டியிருந்தது. காலி செய்யவேண்டிய தேதி கொட்டை எழுத்தில்.

இவ்வளவு அதிகாரத்துக்குத் தேர்தல் மட்டும் காவலாகாது. சிறைக் கொடுமைகள் பற்றிய எஃப்.பி.ஐ. விசாரணைக்கு முட்டுக்கட்டை போட்ட வழக்கில், முன்னாள் ஷெரீப் லீ பாக்காவுக்கு 2017-ல் 3 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தவறிழைக்கும் ஷெரீப்பை, 5 பேர் கொண்ட கவுன்டி மேற்பார்வையாளர் குழுவில் 4 பேர் சேர்ந்தால் நீக்கலாம் என 2022-ல் வாக்காளர்கள் தீர்மானித்தார்கள். சரியான முடிவு. இந்தக் கடிவாளம் எல்லாக் கவுன்டிகளுக்கும் வேண்டும்.