ஷிப்ட் முடிந்த வீட்டுக்கு ஒரு குக்கர் சோறு

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதித் தொழிலாளர்களின் சாப்பாடு நாடு முழுக்கப் பேசப்பட்டது 2021 டிசம்பரில்தான். பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு ஒவ்வாமல் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் வேலை பார்த்தவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆலையும் சில வாரம் மூடிக்கிடந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. விடுதிச் சாப்பாட்டுக்கு இந்த அளவாவது கவனம் கிடைத்தது நல்லதே. ஆனால் மாத்தூரிலும் சுங்குவார்சத்திரத்திலும் படப்பையிலும் வாடகைக்குக் குடியிருந்து, கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போகும் வீடுகளின் இரவுச் சாப்பாடு யார் கணக்கிலும் வரவில்லை. ஆலையில் கேண்டீன் உண்டு. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் அது இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அரசுத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காலையிலும் மதியமும் சாப்பாடு கிடைக்கிறது. எஞ்சியிருப்பது இரவு. அந்தச் சுமை முழுவதும் வீட்டுப் பெண்ணின் தலையில் விழுகிறது.

2019-ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். எட்டு மணி நேரம் அசெம்பிளி லைனில் நின்றுவிட்டு, கம்பெனி பஸ்ஸில் ஊர் வந்து இறங்கும் பெண்ணிடம் சோறு, குழம்பு, பொரியல், ரசம் என்று தனித்தனியாக எதிர்பார்ப்பது அநியாயம். வேலைநாள் இரவுக்கு ஒரே பாத்திரச் சாப்பாடு போதும், முதலில் வீடு திரும்புகிறவர் அதைச் சமைக்க வேண்டும் என்பதே என் வாதம். இவை இரண்டும் சேர்ந்தே நடக்கும். நான்கு பாத்திரச் சமையலுக்குப் பழக்கமும் பக்குவமும் வேண்டும். ஒரு குக்கர் சோற்றை, ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்துச் சாயங்காலம் வீட்டில் இருக்கும் கணவர் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்.

மேலை நாடுகளில் பாஸ்தா, தக்காளிச் சாறு, காய்கறி, சீஸ் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் அடுக்கி அவனில் வேகவைத்து, வீடே பகிர்ந்து சாப்பிடுகிறது. நம்மிடம் அதே வேலைக்குக் கூட்டாஞ்சோறு இருக்கிறது. வாடகை வீட்டில் அவன் இருக்காது, குக்கர் இருக்கும். நாலு பேருக்கு ஒன்றரை டம்ளர் அரிசி, முக்கால் டம்ளர் துவரம்பருப்பு, கத்தரிக்காய், கேரட், முருங்கைக்காய், ஏழு டம்ளர் தண்ணீர். தேங்காய், மிளகாய், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்த விழுது. புளியை முதலிலேயே ஊற்றக் கூடாது. புளிப்பு சேர்ந்தால் பருப்பு வேக மறுக்கும். நாலைந்து விசில் வந்து ஆவி அடங்கியபின் புளிக்கரைசலும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையும் போட்டுக் கொதிக்கவிட்டு, கடுகு தாளித்துக் கொட்டினால் முடிந்தது. அதிகம் போனால் முக்கால் மணி நேரம். அதிலும் பாதி, குக்கர் தானாகச் செய்யும் வேலை.

இது அரைகுறைச் சாப்பாடு என்பார்கள். அரிசியில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் உண்டு. இரண்டும் சேரும்போது புரதம் முழுமை பெறுகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. கீரையும் பருப்பும் அன்றாடம் வயிற்றுக்குள் போக இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. பரோட்டா பார்சல் வாங்கினால் வேலை மிச்சம்தானே என்று கேட்கலாம். அசதியான ஓர் இரவுக்கு அது சரி. வாரம் முழுக்க என்றால் கைக்காசும் கரையும், காய்கறியும் வயிற்றுக்குப் போகாது. ஷிப்ட் நேரமும் சம்பளமும் சரியில்லாதபோது சமையலைத் திருத்தி என்ன பயன் என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்த சட்டத்திருத்தம் 2023-இல் எதிர்ப்புக்குப் பணிந்து திரும்பப் பெறப்பட்டது, தொழிலாளர்கள் விழிப்போடு இருந்ததால். அந்தப் போராட்டம் தொடரட்டும். ஆனால் இன்றிரவு அடுப்படியில் யார் நிற்பது என்பதை அரசாணையோ நிர்வாகமோ தீர்மானிக்கப் போவதில்லை. ஷிப்ட் முடிந்து முதலில் கதவைத் திறக்கும் ஆண்களே, குக்கரை நீங்கள் ஏற்றுங்கள்.