இத்தாலியமும் சூலுவும்

மொழிகளுள் சிலவற்றை இனியவை என்றும், வேறு சிலவற்றைக் கரடுமுரடானவை என்றும் கூறுதல் உலக வழக்கு. இனிமைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின், ஐரோப்பியர் முதலில் சுட்டுவது இத்தாலிய மொழியையே. இசைநாடகத்திற்கென்றே பிறந்த மொழி அது என்பர். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வழங்கும் சூலு மொழியை அவ்வரிசையில் வைத்து எண்ணுவோர் மிகச் சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குச் சென்ற வெள்ளையருள் பலர் அதனைப் பண்படாத மொழி என்றே கருதினர். இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு அக்கருத்தின் பொருந்தாமை எளிதில் விளங்கும்.

இத்தாலியத்தின் இனிமைக்குக் காரணம் யாது? அம்மொழியின் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடிகின்றன என்பதே அறிஞர் கூறும் விடை. அக்காரணம் மெய்யாயின், சூலு மொழிக்கு அதனினும் மிகுந்த புகழ் உரியது. இத்தாலியத்தில் மெய்யில் முடியும் சிறு சொற்கள் சில உண்டு. பிறமொழிகளிலிருந்து அண்மையில் வந்த ‘பார்’, ‘ஸ்போர்ட்’, ‘ஃபில்ம்’ போன்றவற்றையும் அது மெய்யீற்றோடே ஏற்றுக்கொண்டது. சூலுவோ, வந்த சொல்லைத் தன் இயல்புக்கு இணங்கச் செய்தே உள்ளே விடும். ஆங்கிலத்தின் ‘பஸ்’ அங்கு ‘இபாஸி’ ஆயிற்று. பள்ளியைக் குறிக்கும் ‘ஸ்கூல்’ என்பது ‘இஸிகோலே’ ஆயிற்று. முன்னும் உயிர், பின்னும் உயிர்!

எனினும், ஒலியில் இவை ஒன்றுபோல்வன அல்ல. இத்தாலியத்தில் மெய் இரட்டித்தால் பொருள் மாறும். ‘நோனோ’ என்பது ஒன்பதாவது; ‘நொன்னோ’ என்பது பாட்டனார். சூலுவில் குரலின் ஏற்றத்தாழ்வே பொருளை மாற்றும். ‘இன்யாங்கா’ என்னும் சொல்லை ஒருவகை இசையில் ஒலித்தால் நிலவு. மற்றொருவகையில் ஒலித்தால் மருத்துவர். எழுத்தில் இவ்வேறுபாடு காட்டப்படுவதில்லை. இடம் நோக்கியே உணர்தல் வேண்டும். இவையேயன்றிச் சொடுக்கொலிகளும் அங்கு உண்டு. இரக்கம் தோன்ற உச்சுக்கொட்டும்போது நாம் எழுப்பும் ஒலியும், வண்டிமாட்டை ஓட்டுவோர் கன்னத்தோரம் எழுப்பும் ஒலியும் சூலுவில் மெய்யெழுத்துகளாகவே வழங்குகின்றன. அப்பகுதியில் முன்னமே வாழ்ந்த கொய்சான் மக்களின் மொழிகளிலிருந்து வந்தவை இவ்வொலிகள். மருமகள் தன் மாமனார் பெயரில் உள்ள அசைகளை வாயால் சொல்லலாகாது என்னும் வழக்கம் சூலு மக்களிடை இருந்தது. அவ்வசைகளுக்கு மாற்றாகவே இவ்வொலிகள் பெருகின என்று கருதுவோரும் உளர். கேட்டுப் பழகாத செவி இவற்றைக் கரடுமுரடு என்றது. குறை செவியினது, மொழியினது அன்று.

இலக்கணத்திற்கு வருவோம். இத்தாலியம் பெயர்ச்சொற்களை ஆண்பால், பெண்பால் என இரண்டே கூறாக்கும். சூலுவின் பெயர்ச்சொற்களோ பத்துக்கு மேற்பட்ட வகுப்புகளில் அடங்கும். வகுப்பைக் காட்டும் உறுப்பு சொல்லின் முன்னே நிற்கும். ‘உமுண்டு’ என்றால் ஒரு மனிதன். ‘அபண்டு’ என்றால் மக்கள். இம்மொழிக்குடும்பம் முழுவதற்கும் ‘பாண்டு’ எனப் பெயர் வந்ததும் இச்சொல்லின் வேரிலிருந்தே. முன்னுறுப்பு மாறினால் வாக்கியம் முழுவதும் அதனைத் தொடர்ந்து மாறும். ‘உமுண்டு ஓம்கூலு உயாஹம்பா’ என்பது ‘பெரிய மனிதன் செல்கிறான்’ எனப் பொருள்படும். ‘அபண்டு அபகூலு பயாஹம்பா’ என்பது ‘பெரிய மக்கள் செல்கின்றனர்’ எனப் பொருள்படும். பெயரடையும் வினையும் பெயரின் குறியைத் தாங்கி அணிவகுத்து வருகின்றன. ‘உன்னிடம் அன்பு கொண்டுள்ளேன்’ என்பதற்கு இத்தாலியர் ‘தி ஆமோ’ என்பர். அங்குச் செய்வோனைக் காட்டுவது வினையின் ஈறு. சூலுவில் ‘ங்கியாகுதாண்டா’ என்னும் ஒரே சொல்லில் நான் என்பதும், நிகழ்காலமும், உன்னை என்பதும், அன்பு என்பதும் முறையே கோக்கப்பட்டுள்ளன. வினைமுற்றிலேயே திணை, பால், எண், இடம் காட்டும் தமிழ் மாணவர்க்கு இது வியப்பன்று. இத்தகைய கட்டமைப்பை உடையதைப் பண்படாத மொழி என்றவர்கள் அதனைக் கற்றவர்களாய் இருத்தல் அரிது.

ஆயின், இத்தாலியத்திற்கு உலகில் கிடைத்த மதிப்பு சூலுவுக்குக் கிடைக்காதது ஏன்? இத்தாலியமும் ஒருகாலத்தில் மதிப்பற்றே இருந்தது என்பதை நினைத்தல் நலம். 1300ஆம் ஆண்டளவில் கற்றோர் மொழி இலத்தீனே. மக்கள் பேசியது இழிவழக்கு எனப்பட்டது. தாந்தே (1265–1321) அவ்வழக்கிலேயே தம் பெருங்காப்பியத்தைப் பாடினார். 1583இல் பிளாரன்ஸ் நகரில் குரூஸ்கா கழகம் தோன்றியது; 1612இல் அதன் அகராதி வெளிவந்தது. அதன் பின்னரும் அது நூல்மொழியாகவே நின்றது. இத்தாலி ஒரே நாடான 1861இல், நூற்றுக்கு இரண்டரைப் பேரே அதனைப் பேசவல்லவராய் இருந்தனர் என மொழியறிஞர் துல்லியோ தெ மவுரோ கணக்கிட்டார். பள்ளியும் படையும் செய்தித்தாளும், 1954இல் தொடங்கிய தொலைக்காட்சியுமே அதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தன.

சூலுவுக்கு நேர்ந்தது வேறு. அரசர் புகழைப் பாவலர் நினைவிலிருந்தே பாடிய மரபு அங்கு வளமாக இருந்தது. 1883இல் விவிலியம் முழுவதும் அம்மொழியில் வெளிவந்தது. ஜான் டூபே 1903இல் ‘கதிரவன்’ எனப் பொருள்படும் ‘இலாங்கா’ என்னும் சொல்லைப் பெயரில் தாங்கிய இதழைத் தொடங்கினார். 1930இல் அவரது புதினம் வெளிவந்தது. வளர்ச்சி இவ்வாறு அரும்பிய வேளையில், 1953இல் வந்த பாண்டு கல்விச் சட்டம் தாய்மொழியையே விலங்காக்கிற்று. கறுப்பின மக்களைக் கூலிவேலைக்கு அப்பால் செல்லவிடாது நிறுத்தும் கல்வி தாய்மொழி வழியே புகட்டப்பட்டது. அதனால், தாய்மொழிக் கல்வி என்றாலே தம் மக்களைத் தாழ்த்தும் சூழ்ச்சி எனப் பெற்றோர் அஞ்சலாயினர். அவ்வச்சத்தைப் பழித்தல் தகாது. அதனை உண்டாக்கியவர்களே பழிக்குரியர். 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு சூலுவை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது. தென்னாப்பிரிக்காவில் ஏறக்குறைய நால்வருள் ஒருவர் இல்லத்தில் பேசும் மொழி அதுவே. ஆயினும், சூலுச் சிறுவன் நான்காம் வகுப்பை எட்டியதும் ஆங்கிலத்திற்கு மாறுவதே அங்கு நெடுங்கால வழக்கமாய் இருந்துவந்தது. கணக்கையும் அறிவியலையும் தான் கனவு காணாத மொழியில் கற்கும் அச்சிறுவனுக்கு, தன் மொழியின் வகுப்பு முறைகளைப் பிறர் வியப்பதனால் ஆவது ஒன்றுமில்லை. அகராதியும் பாடநூலும் கற்பிக்கவல்ல ஆசிரியரும் அவனுக்கு வேண்டும். இத்தாலியச் சிறுவனுக்கு இவை கிடைத்தன; அவன் மொழி இனிமையானது என்பதற்காக அன்று, அவனுக்கென ஓர் அரசு அமைந்தது என்பதற்காக.

மக்கள் பேச்சின் உயர்வை நிலைநாட்டத் தாந்தே இயற்றிய நூல் இலத்தீனிலேயே அமைந்தது. அதனையும் அவர் முடிக்கவில்லை. சூலுக் கவிஞர் பெனடிக்ட் விலகாசி (1906–1947) 1935இல் தம் பாடல்களைத் தாய்மொழியில் நூலாக வெளியிட்டார். அம்மொழியையும் அதன் இனமொழிகளையும் சார்ந்த இலக்கியத்தை ஆராய்ந்து, 1946இல் விட்வாட்டர்ஸ்ராண்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்வுரையை அவர் ஆங்கிலத்திலேயே எழுத வேண்டியதாயிற்று. கிளமெண்டு டோக் என்னும் அறிஞருடன் சேர்ந்து அவர் தொகுத்த சூலு–ஆங்கில அகராதி 1948இல் அச்சேறியது. அதனைக் காண விலகாசி உயிரோடு இல்லை.