இடது கை வைஸ் அல்ல!

டிரில்லிங் மெஷினைப் பற்றி மலருக்கு எழுதப் போகிறேன் என்றதும் ஹாஸ்டல் ரூமே சிரித்தது. "கவிதை எழுதுடா, காதலைப் பத்தி எழுதுடா... ஓட்டை போடறதப் பத்தி எழுத என்ன இருக்கு?" என்றான் ஒருவன். இருக்கிறது. என் இடது கைப் பெருவிரலுக்குக் கீழே நான்கு தையல் போட்ட தழும்பு இருக்கிறது.

போன விடுமுறையில் ஒரு கிரில் பட்டறைக்கு வேலைக்குப் போனேன். மெல்லிய இரும்புத் தகட்டில் 10 மி.மீ. துளை. தகட்டை இடது கையால் அமுக்கிக்கொண்டு, வலது கையால் ஹேண்ட் டிரில்லை இறக்கினேன். முக்கால்வாசி ஒழுங்காகத்தான் போனது. மறுபக்கம் துளை திறந்த அந்த நொடியில் பிட் தகட்டைக் கவ்விக்கொண்டது. தகடு காற்றாடி மாதிரி ஒரு சுற்றுதான் சுற்றியது. பிறகு ஆஸ்பத்திரி!

ஏன் அப்படி? நுனி வெளியே வந்ததும் கீழிருந்து தாங்கிய உலோகம் போய்விடுகிறது. நம் கையோ முன்போலவே அமுக்கிக்கொண்டிருக்கிறது. பிட்டின் வெட்டு விளிம்பு ஒரேயடியாக ஆழமாகக் கடிக்கிறது, மிச்சமிருக்கும் தகடு ஸ்க்ரூவில் ஏறும் நட்டைப் போல பிட்டில் ஏறுகிறது. தகடு மெல்லியதாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அதை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து சி-கிளாம்ப் போட வேண்டும், துளை திறக்கப் போகிறது என்று தெரிந்ததும் அமுக்கத்தைக் குறைக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதற்கு இரண்டு நிமிஷம் ஆகும்.

மரம்தானே என்று அலட்சியமும் வேண்டாம். முடிச்சு வந்தால் மரமும் பிட்டைப் பிடிக்கும். அடியில் கழிவுப் பலகை வைக்காவிட்டால் பின்பக்கம் சிராய் சிராயாகப் பெயரும். அடியில் கையை வைத்துத் தாங்குகிற வீரர்களையும் நான் பார்த்திருக்கிறேன்!

வைவாவில் N = 1000V/πD என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறோம். மைல்டு ஸ்டீலுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். 3 மி.மீ. பிட்டுக்குச் சுமார் 2650 சுற்று வரும், 10 மி.மீ. பிட்டுக்கு 800தான். நாமோ எந்த பிட்டானாலும் ட்ரிக்கரை முழுசாக அமுக்குகிறோம். பெரிய பிட் சூடாகி மழுங்குகிறது. மழுங்கினதால் இன்னும் பலமாக அமுக்குகிறோம். பலமாக அமுக்குவதால்தான் துளை திறக்கும்போது அந்த வெட்டு வெட்டி இழுக்கிறது. பார்முலாவுக்கும் என் தையலுக்கும் உள்ள சம்பந்தம் தையல் போட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இன்னொன்று. பாதுகாப்பு என்று நினைத்துக் கையுறை போட்டுக்கொள்கிறார்கள் சிலர். சுற்றுகிற பிட்டுக்குப் பக்கத்தில் கையுறைதான் முதல் எதிரி, நூல் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு, கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு எல்லாமே அப்படித்தான். கண்ணாடி மட்டும் கட்டாயம் போடுங்கள்.

"மேஸ்திரி இருபது வருஷமா கையாலதான் பிடிக்கிறார், அவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பீர்கள். அவர் விரல்களையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

தப்பு நம்மேல் மட்டும் என்றும் சொல்ல மாட்டேன். பிராக்டிகலில் துளையின் இடத்தை வெர்னியர் வைத்து அளக்கிறார்கள், ஃபினிஷிங் பார்க்கிறார்கள். ஜாப்பை எப்படிப் பிடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. மார்க் இல்லாத வேலையை எவன் செய்வான்? கிளாம்ப் போடுவதற்கென்றே ஐந்து மார்க் வையுங்கள், அடுத்த நாளே எல்லாரும் கிளாம்ப் தேடுவார்கள். தேடினால் கிடைக்க வேண்டுமே! எங்கள் பேட்சில் இருபத்தைந்து பேருக்கு இருப்பது இரண்டு சி-கிளாம்ப், அதில் ஒன்றின் திருகு சுற்றாது.

எனவே சங்கத் தலைவருக்கு ஒரு விண்ணப்பம். இந்த மலருக்கு வசூலான விளம்பரப் பணத்தில் ஏதாவது மிஞ்சினால், பிரிவு உபசார விழாவில் பிரியாணியோடு கேசரியும் வேண்டாம். ஆறு சி-கிளாம்ப் வாங்கிப் பட்டறையில் மாட்டுங்கள்.

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்